அரிசிப் பானைக்குள் ஒரு குரைப்பு

முதலில் தப்பு செய்தது தங்கப்பழம்தான். அதற்கு முன்னால் அவன் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்சுவரும் அதன்மேல் காயப்போட்ட துணிகளும் தவிர வேறு ஒன்றும் இருந்ததில்லை என்று ஆவுடையப்பன் கேட்டவர்களிடமெல்லாம் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் தென்காசியில் இறங்குகிறவனாக இருந்தால் தென்காசி வரைக்கும் சொல்லிக்கொண்டே வருவார்.

நடந்தது இதுதான். மகள் உலகம்மாளைப் பெண் பார்க்கச் சுரண்டையிலிருந்து வேனில் வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா நல்ல நேரம் பார்த்து வலது காலை எடுத்துக் கிணற்றடித் தெருவில் வைத்தார். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுத் தங்கப்பழத்தின் வெள்ளை நாய் பவுடர், கழுத்தில் சங்கிலி இல்லாமல், பேரூராட்சியின் லைசென்ஸ் இல்லாமல், ஒரு காரணமும் இல்லாமல், பாய்ந்து வந்து குரைத்த குரைப்பில் பெரியப்பா சாக்கடைக்குள் உட்கார்ந்துவிட்டார். தூக்கப்போன மாப்பிள்ளையின் வேட்டி நுனி பவுடரின் வாயில் இருந்தது. சகுனம் சரியில்லை என்று வேன் வந்த வழியே திரும்பிப் போனது. ஆவுடையப்பனின் மனைவி வடிவு கிண்டி வைத்த கேசரி, மூடிய தட்டுக்கடியில் யாருக்கும் இல்லாமல் ஆறியது.

தங்கப்பழம் சிமெண்டுக் கடைக்காரன். அன்றைக்குக் கடை லீவு. படியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தவன், வாய் நிறைய நுரையோடு சொன்னான்:

"நாய்னா குரைக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. பின்ன, ஆரத்தியா எடுக்கும்?"

தெருவே சிரித்தது. அதுதான் ஆவுடையப்பனின் நெஞ்சில் தைத்தது.

கிணற்றடித் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தப்பு செய்தவன் மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தெருக்காரர்களின் நாக்கு அதற்கு வளையாது. அவன் மற்றவன் வாசலில் வந்து நின்று, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க" என்பான். இவன் ஒரு செம்பில் கொண்டுவந்து கொடுப்பான். அவன் அண்ணாந்து குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைப்பான். அதோடு தீர்ந்தது. வெட்டரிவாள் தூக்கிய அண்ணன் தம்பிகள்கூட ஒரு செம்புத் தண்ணீரில் தீர்த்துக்கொண்டு மறுநாள் ஒரே வண்டியில் சந்தைக்குப் போயிருக்கிறார்கள்.

ஆவுடையப்பன் கேட்டதும் அந்த ஒரு செம்புத் தண்ணீரைத்தான். பஞ்சு மில்லில் மூட்டை தூக்கி முதுகு வளைந்த மனிதர், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், வேறு எந்தப் பெருமையையும் தெருவிடம் கேட்டதில்லை. தினமும் காலையில் செம்பைத் துலக்கி, தண்ணீர் நிரப்பி, வாசலில் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தங்கப்பழம் தினமும் அந்த வழியாகத்தான் கடைக்குப் போனான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கத்துச் சுவரில் என்னமோ எழுதியிருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு.

தெருவுக்கே தண்ணீர் தங்கப்பழத்தின் போர்வெல் மோட்டாரிலிருந்துதான் வந்தது. ஆவுடையப்பன் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார். ஆகவே வடிவு தெருக்கோடியில், எப்போதாவது சொட்டும் பேரூராட்சிக் குழாயிலிருந்து இடுப்பில் சுமந்தாள்.

"அவன் ஒரு செம்புத் தண்ணி குடிக்கணும்னு நான் குடம் குடமாச் சுமக்கேன்" என்றாள் வடிவு. "இதுக்கு அந்த நாயி என்னையக் கடிச்சிருக்கலாம்."

"ஏட்டி, மானம்னு ஒண்ணு இருக்கு."

"இருக்கட்டும். அதுக்குக் கை கால் இருந்தா ஒரு குடம் தூக்கச் சொல்லுங்க."

பவுடர் அதற்குப் பிறகும் விடவில்லை. தபால்காரருக்குக் குரைத்தது, பால்காரருக்குக் குரைத்தது, நிலாவுக்கும் நின்றுபோன மின்விசிறிக்கும் குரைத்தது. ஆவுடையப்பன் பேரூராட்சிக்குப் போனார். அங்கே சுகாதார ஆய்வாளர் ஜெபராணி, மூக்கில் நழுவுகிற கண்ணாடியை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டு, சட்டத்தைச் சொன்னார். நாய்க்கு லைசென்ஸ் வேண்டும், வெறிநாய்த் தடுப்பூசி வேண்டும், கட்டி வைக்க வேண்டும், தொந்தரவு என்று புகார் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும்.

எதிர்வீட்டுச் செண்பகத்திடம் போனார். "அய்யோ அண்ணாச்சி, இப்பத்தான் அவங்க வீட்ல ஹோஸ் பைப்ப மாட்டிட்டு வாரேன். நா எப்பிடிப் போடுவேன் கையெழுத்து?" என்றாள். தையல்காரர் கோயில்பிச்சை, நாய் குரைப்பதே தனக்குக் கேட்டதில்லை என்றார். அவர் சொல்லும்போது பவுடர் குரைத்துக்கொண்டிருந்ததால் அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கையெழுத்து இல்லாமலேயே ஆவுடையப்பன் அலுவலகத்துக்குப் போனார். மறுபடியும் போனார். மழையில் போனார், வெயிலில் போனார், ஜெபராணி சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிற நேரமாகப் பார்த்துப் போனார். கடைசியில் அந்த அம்மாள், "ஐயா, நீங்க குரைக்க குரைப்புக்கு அந்த நாயே பரவாயில்ல" என்று தலையில் அடித்துக்கொண்டு, இனி இந்த நாய் சத்தம் போடக் கூடாது என்று தங்கப்பழத்தின் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்.

மறுநாள் காலையில் பவுடர் வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. வால் விறைத்தது, கழுத்து மயிர் நட்டுக்கொண்டது, பல்லெல்லாம் தெரிந்தது, தொண்டை ஏறி இறங்கியது, சத்தம் மட்டும் இல்லை. அதே நேரத்தில் அடுத்த வீட்டில் உலை வைக்க அரிசி எடுக்கப்போன வடிவு பானையின் மூடியைத் திறந்தாள், உள்ளேயிருந்து குரைப்பு வந்தது. மூடினாள். மூடியைத் தட்டிக்கொண்டு வந்தது.

"இந்தாங்க" என்று கூப்பிட்டாள். "உங்க நோட்டீஸு வேலை செஞ்சிருக்கு. வந்து பாருங்க."

எப்படி வந்தது என்று தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். நோட்டீஸில் ஒட்டிய பசையின் குணம் என்றார் கோயில்பிச்சை. மதில்சுவரில் ஒரு விரிசல் இருப்பதை வேறு யாரோ காட்டினார்கள். அதற்கு மேல் யோசிக்க யாருக்கும் பொழுதில்லை. வத்தல் போடுகிற வெயில் காலம், மலையிலிருந்து குரங்குகள் இறங்கிவிட்டிருந்தன. கூழ் வத்தலை மொட்டைமாடியில் ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள் பாதி போய்விடும். ஆனால் ஆவுடையப்பன் வீட்டு மாடியில் மட்டும், சமையலறைக்கு மேலே, வடிவின் வத்தல் ஒன்றுகூடக் குறையாமல் காய்ந்து சலசலத்தது. அதைச் செண்பகம் பார்த்துவிட்டாள்.

சாயங்காலம் ஒரு டம்ளரோடு வந்து நின்றாள். "மதினி, உறை மோர் கேக்கத மாதிரி கேக்கேன்னு நினைக்காதீங்க. கொஞ்சம் குரைப்பு தாங்களேன்."

வடிவு பானைக்குள் டம்ளரை விட்டு, அரிசிக்கு மேலே ஒரு கோது கோதி, கையால் பொத்திக் கொடுத்தாள். செண்பகம் முந்தானையால் மூடிக்கொண்டு தெருவைக் கடந்தபோது அது உள்ளே செல்லமாக உறுமியது. மறுநாள் அவள் வீட்டு நெல் குலுக்கையில் அது நிறைந்துவிட்டது. உறை மோரைப் போலத்தான், எடுக்க எடுக்க எடுத்த இடத்திலும் குறையவில்லை, ஊற்றிய இடத்திலும் வளர்ந்தது. பிறகு கோயில்பிச்சை பட்டன் டப்பாவில் வாங்கிப் போனார், கடைக்காரர்கள் தூக்குவாளியில் வாங்கிப் போனார்கள், கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு கிண்ணம் குரைப்பை வைத்துவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறினார்கள். வெறும் பாத்திரத்தோடு வரக் கூடாது என்று டம்ளரில் நாலு பச்சை மிளகாயோ ஒரு கை கறிவேப்பிலையோ போட்டுக் கொண்டுவந்தார்கள். வடிவின் வீட்டில் இத்தனை பேர் வந்து போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் முகம் தெளிந்தது.

ஆவுடையப்பனின் முகம் கறுத்தது. தங்கப்பழம் வீட்டுக்குத் தபால் வந்தால் இங்கே அரிசி அதிர்ந்தது. தங்கப்பழம் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் வந்தால் இங்கே அவர் கையிலிருந்த தட்டு நழுவியது. தெருவில் நின்று கத்தினார்:

"இது புகார் குடுக்க வேண்டிய விஷயம்வே! தொந்தரவு! அதைப் போயிக் கடன் வாங்கிட்டுப் போறீயளே!"

"என்ன தொந்தரவு அண்ணாச்சி?" என்றார் கோயில்பிச்சை. "நல்ல குரைப்பு. சுத்தமான குரைப்பு. ராசியான கை மதினிக்கு."

அவர் மறுபடி அலுவலகத்துக்குப் போனார். ஜெபராணி நேரிலேயே வந்து பார்த்தார். முதலில் தங்கப்பழம் வீட்டுக்குப் போனார். பவுடர் அவரைப் பார்த்துச் சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடியது. "இந்தப் பேரூராட்சியிலேயே ஒழுக்கமான நாய் இதுதான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குள் நுழைந்தார். பானை குரைத்தது.

"இதுக்கு லைசென்ஸ் எடுத்திருக்கீங்களா?"

"எதுக்கு?"

"குரைப்புக்கு."

"அம்மா, நாய் அவன் வீட்ல நிக்கு. குரைப்பு அவன் நாயோடது. நான் எதுக்கு எடுக்கணும்?"

"ஐயா, சட்டம் பெத்தவங்களப் பாக்காது, வச்சிருக்கவங்களத்தான் பாக்கும். யாரு இடம் குடுக்காங்களோ, யாரு சோறு தண்ணி காட்டுதாங்களோ, அவங்கதான் உரிமையாளர். இது உங்க அரிசியிலதான படுத்துக் கெடக்கு?"

மறுநாள் கால்நடை மருத்துவர் வந்தார். சட்டப்படி வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டும். எங்கே போடுவது என்று கொஞ்ச நேரம் பானையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு மூடியை லேசாக விலக்கி, குரைப்பு வரும்வரை காத்திருந்து, வந்ததும் அதற்குள் ஊசியை இறக்கினார். குரைப்பு ஒரு முறை கீச்சென்று வீறிட்டு, பிறகு அடங்கியது. தெருப் பெண்கள் "ச்சூ, ச்சூ, பாவம்" என்றார்கள். பானையின் கழுத்தில் கயிறு கட்டி, லைசென்ஸ் எண் அடித்த அலுமினிய வில்லை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். மூட்டை தூக்கிய காலத்தில் எந்தச் சுமைக்கும் கலங்காத ஆவுடையப்பனுக்கு அன்றைக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நிலையிலும் வாசல் செம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

பங்குனி முடிந்து அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் உலகம்மாள் ஊருக்கு வந்திருந்தாள். பந்தல் செலவு தங்கப்பழத்துடையது என்று ஆவுடையப்பன் போகவில்லை. தெரு முழுக்க, உலகம்மாளும் வடிவும்கூட, பகல் கொடைக்குப் போய்விட்டது. அவர் மட்டும் வீட்டில் இருந்தார். மேளம் தூரத்தில் கேட்டது.

அப்போது பானை குரைக்கத் தொடங்கியது. தபாலுக்குக் குரைக்கிற குரைப்பு இல்லை. சிலிண்டருக்குக் குரைப்பதும் இல்லை. விடாமல், மூச்சு வாங்காமல், மூடி எகிறிக் கீழே விழ, அரிசி சிதற, குலைத்துக் குலைத்துத் தொண்டை கிழிய. செண்பகம் வீட்டுக் குலுக்கையும் குரைத்தது, தையல் கடைப் பட்டன் டப்பாவும் குரைத்தது, பூட்டிய வீடுகளின் கிண்ணங்களெல்லாம் குரைத்தன. ஆளில்லாத தெருவில் நடக்க முடியாத அளவுக்குச் சத்தம். ஆவுடையப்பன் காதைப் பொத்திக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். சாமியாடியின் முன்னால் போய் நின்று, மேளத்துக்கு மேலே கத்தினார்:

"பானை நிக்காமக் குரைக்குடே! என்னமோ சரியில்ல! வந்து பாருங்க!"

பந்தலில் பட்டுத்துண்டோடு நின்ற தங்கப்பழம் திரும்பினான்.

"பானைன்னா குரைக்கத்தான் செய்யும் அண்ணாச்சி."

தெரு மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை உலகம்மாளும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு.

கொடை முடிந்து வந்து பார்த்தால், தங்கப்பழத்தின் மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பவுடர் வெறும் குழாயின் பக்கத்தில் நின்று, ஒருத்தருக்கும் கேட்காமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

தெருவில் தண்ணீர் நின்றுபோனது. பேரூராட்சிக் குழாயில் காற்றுதான் வந்தது. பாத்திரங்கள் கழுவாமல் குவிந்தன, கொடைக்கு வந்த விருந்தாளிகள் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். ஆவுடையப்பன் வீட்டில் மட்டும், வடிவு முன்னாலேயே சுமந்து நிரப்பி வைத்த ஒரு டிரம் தண்ணீர் இருந்தது. தெருக்காரர்கள் கூடிப் பேசினார்கள். குரைப்பு நாயிடம் இருந்திருந்தால் கள்ளன் வந்திருக்க மாட்டான். புது மோட்டார் வாங்கி வைத்தாலும் குரைப்பு நாயிடம் வந்தால்தான் நிற்கும். ஆகவே தங்கப்பழம் போய் ஆவுடையப்பனிடம் கேட்டு வாங்க வேண்டும்.

"வாரான்" என்று கோயில்பிச்சை வந்து சொன்னார்.

ஆவுடையப்பன் செம்பைப் புளி போட்டுத் துலக்கினார். டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டார். தலையில் எண்ணெய் வைத்து வாரி, வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். உலகம்மாள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எப்பா, ஒண்ணு சொல்லட்டா? அந்தச் சுரண்டை மாப்பிள்ளைய எனக்கு போட்டோலயே பிடிக்கல. அன்னைக்கு வேன் திரும்பிப் போனதும் நான் பவுடருக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிப் போட்டேன். எனக்காக யாரும் தண்ணி குடிக்க வேண்டாம்."

அவர் செம்பின் விளிம்பை வேட்டி நுனியால் துடைத்தார்.

"அது ஒன் கணக்கு தாயி" என்றார். "அன்னைக்குச் சிரிச்சது என்னையப் பாத்து. இது எங் கணக்கு."

தங்கப்பழம் வந்தான். பின்னால் தெரு முழுவதும் வந்தது. அவன் வாசலில் நின்றான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. காலையிலிருந்து அவன் வீட்டிலும் ஒரு சொட்டு இல்லை. ஆவுடையப்பன் செம்பை எடுத்துப் படியின் நுனியில், அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.

"குரைப்பைக் குடுங்க" என்றான் தங்கப்பழம்.

"தாராளமா எடுத்துட்டுப் போ. மொதல்ல கேக்க வேண்டியதைக் கேளு."

தங்கப்பழம் செம்பைப் பார்த்தான். தொண்டை ஏறி இறங்கியது, சத்தம் வராத பவுடரின் தொண்டையைப் போலவே. வாய் திறந்தது. தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"எனக்குத் தாகம் இல்ல அண்ணாச்சி" என்றான்.

"அடப்பாவி, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக் கெடக்கு, தாகம் இல்லங்கான்!" என்றாள் செண்பகம்.

"இல்லன்னா இல்லதான்."

அப்போதுதான், கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து பவுடர் வந்தது. நாக்கு வெளியே தொங்கியது. யாரையும் பார்க்கவில்லை. நேரே படியில் ஏறி, செம்புக்குள் மூஞ்சியை விட்டு, சளப் சளப் என்று கடைசிச் சொட்டுவரை நக்கிக் குடித்தது. குடித்து முடித்து மூக்கை உருவியபோது செம்பு தானாகக் கவிழ்ந்து உருண்டது. பவுடர் ஆவுடையப்பனை நிமிர்ந்து பார்த்து, தெருவே அதிரும்படி, தன் சொந்தத் தொண்டையிலிருந்து, ஒரு குரைப்புக் குரைத்தது. உள்ளே பானை அடங்கியது. செண்பகத்தின் குலுக்கை அடங்கியது. டப்பாக்களும் தூக்குவாளிகளும் கிண்ணங்களும் ஒவ்வொன்றாக அடங்கின.

"தீந்துச்சு!" என்று கோயில்பிச்சை கை தட்டினார். "தப்பு செஞ்சதும் நாய், தண்ணி குடிச்சதும் நாய், கவுத்து வச்சதும் நாய். வழக்கப்படி தீந்துபோச்சு, வாங்க போவோம்."

"எங்க தீந்துச்சு?" என்று ஆவுடையப்பன் எழுந்தார். "ஏலே, குடிக்க வேண்டியவன் அந்தா நிக்காம்லா! சிரிக்க வச்சவன் அவன்லா!"

யாரும் நிற்கவில்லை. தங்கப்பழம் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டிருந்தான்.

பவுடர் மட்டும் போகவில்லை. தண்ணீர் காட்டிய வீட்டை விட்டு அது அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை. படியிலேயே படுத்துக்கொண்டது. தங்கப்பழம் புது மோட்டார் வைத்தான். பவுடர் அவன் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தபால்காரருக்கும் பால்காரருக்கும் நிலாவுக்கும் ஆவுடையப்பன் படியிலிருந்து குரைத்தது. பாத்திரங்களில் குரைப்பு இல்லாததால் குரங்குகள் திரும்பி வந்து வத்தலைத் தின்றன, அதற்கும் தெரு ஆவுடையப்பனைத்தான் திட்டியது.

கொஞ்ச நாளில் ஜெபராணி வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு புகாரை வாசித்தார். ஆவுடையப்பன் என்பவரின் நாய் ஓயாமல் குரைத்துத் தெருவுக்குத் தொந்தரவாக இருக்கிறது. முதல் கையெழுத்து தங்கப்பழத்துடையது. கீழே செண்பகம், கோயில்பிச்சை, அப்புறம் தெருவில் எழுதத் தெரிந்த எல்லோரும்.

"எனக்கு ரெண்டு பேரு போட மாட்டேன்னானுவ" என்றார் ஆவுடையப்பன்.

"அத விடுங்க. தெருவுல எல்லாரும் சமாதானமாப் போயிரலாம்ங்காங்க. நீங்க தங்கப்பழம் வீட்டுக்குப் போயி ஒரு செம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வந்துட்டா இந்தப் புகாரை நான் கிழிச்சிப் போட்டுருவேன்."

வடிவு உள்ளேயிருந்து, "போயிக் குடிச்சிட்டுத்தான் வாங்களேன். ஒரு செம்புதான?" என்றாள்.

ஆவுடையப்பன் தெருவைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு தங்கப்பழம் கடைக்குப் போய்க்கொண்டிருந்தான். பவுடர் எழுந்து நின்று அவனைப் பார்த்துக் குரைத்தது. ஜெபராணி காதைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க என்னதான் சொல்லுதீங்க ஐயா? நான் எதையாவது எழுதணுமே."

"எழுதிக்கோங்க" என்றார் ஆவுடையப்பன். "நாய் அதோட கடனைத் தீத்துட்டு. அவன் கடன் அப்படியே நிக்கு."